நதிக்கு அனுப்பும் கையெழுத்து

சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஸ்கார்பரோவிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல், உப்புக் குப்பிக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே, நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு சம்மதப் பத்திரம் வந்து கிடந்தது. என் பேத்தி பத்தாம் வகுப்பில் வாசிக்கிறாள். அவளுடைய வகுப்பைச் சேர்ந்த 18 மாணாக்கரும், உபாத்தியாயர் இருவரும், வழிகாட்டி ஒருவருமாக, ஆனி மாதத்தில் பிரெஞ்ச் நதியில் நான்கு நாள் கனூப் படகுகளில் பிரயாணம் செய்து, மூன்று இரவுகள் கரையிலே கூடாரமடித்துத் தங்குவதென்று பள்ளிக்கூடத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்திட்டால் பிள்ளை போகலாம், இடாவிட்டால் அந்த நான்கு நாளும் நூலகத்தில் அமர்ந்து படிக்கலாம். பத்திரம் ஒன்பது நாள் மேசையிலேயே கிடந்தது. என் மகள் சோறு பரிமாறும்போது அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பாள். மேசையைத் துடைத்தபின் பழைய இடத்திலேயே மறுபடி வைப்பாள். கிழித்துப் போடவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை.

பத்தாம் நாள் பேத்தி என்னிடம் வந்தாள். "அம்மப்பா, நீங்கள் ஒருக்கால் அம்மாவோடை கதையுங்கோவன், நீங்கள் சொன்னால் அவா கேட்பா" என்றாள். முப்பது வருஷம் யாழ்ப்பாணத்தில் உபாத்தியாயராக இருந்தவன் நான். பிள்ளைகளுக்காகப் பெற்றோரிடம் தூது போவது எனக்குப் பழக்கமான காரியந்தான். ஆயினும் இம்முறை வாயெடுக்கு முன் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் என் மகள் ஏன் கையெழுத்திடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பிழையென்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் தெரியும். இந்நகரத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே பத்திரம் இதேவிதமாக மேசையிற் கிடந்து, ஈற்றில் வெறுமையாகவே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறது. வார இறுதித் தமிழ் வகுப்புகளில் நான் சந்திக்கும் தாய்தந்தையர் பலர் அதைப்பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரு முறையேனும் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையை எழுதத் தொடங்கியதன் காரணம்.

யாழ்ப்பாணத்தைத் தென்பகுதியோடு இணைக்கும் தரைவழிகள் யுத்தத்தால் அடைபட்டிருந்த அந்த வருஷங்களில், குடாநாட்டை விட்டு வெளியேற விரும்பிய சனங்களுக்குக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றே வழியாக இருந்தது என்பதையும், அந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பை நிலவில்லாத இரவுகளில், ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்த படகுகளில், விளக்கேற்றாமலும் குழந்தைகளை அழவிடாமலும் கடக்க வேண்டியிருந்தது என்பதையும், அதைக் கடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து ஆரம்பத்தில் அந்த நீரிலே கடற்படையின் தாக்குதலுக்கு உள்ளாகி மாண்ட பொதுசனங்களின் நினைவு இன்றும் எங்களை விட்டுப் போகவில்லை. அச்சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, என் மனைவி தன் மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு அவ்வழியே போனாள். பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணாக்கரை விட்டு வர மனமில்லாமல் நான் ஊரிலே நின்றுவிட்டேன். மகளுக்கு அப்போது 12 வயது. அந்த இரவைப்பற்றி அவள் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் இந்நாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும், ஒன்ராறியோ ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனால் அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள்.

இவ்விதம் தண்ணீரை நம்ப மறுக்கும் மனம் என் மகளுக்கு மட்டும் உரியதன்று. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்துகொண்டிருந்த தமிழ் அகதிகள் 155 பேரை மீனவர்கள் கண்டு மீட்டார்கள்; கனடாவில் எங்கள் சமூகத்தின் கதை அநேகமாக அந்தப் படகுகளிலிருந்தே சொல்லப்படுகிறது. 2010ஆம் ஆண்டில் 'சன் சீ' என்னும் கப்பல் 492 பேரைச் சுமந்துகொண்டு மேற்குக் கரையை வந்தடைந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை முல்லைத்தீவு முதலான எங்கள் கரையூர்களை வாரிக்கொண்டு போயிற்று. தண்ணீர் எங்களுக்கு உல்லாசத்தின் ஸ்தலமாக இருந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இந்நாட்டில் பிறந்து வளர்ந்த உபாத்தியாயர் ஒருவர், "படகுப் பயணத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார்களே, இவர்களுக்குக் கல்வியின் அருமை தெரியவில்லையோ" என்று நினைப்பாரானால், அவர் அறியாமையால் நினைக்கிறார். கல்வியின் அருமை தெரிந்தபடியால்தான் அந்தத் தாய் அன்று படகில் ஏறினாள்.

இவ்வளவும் அறிந்தே சொல்கிறேன்: பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டு, பிள்ளைக்கு நீந்தக் கற்றுக்கொடுத்து, பள்ளிக்கூடத்தாரின் வாக்கை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பின் கையெழுத்திட வேண்டும். எங்கள் பயத்துக்கு நான் கேட்கும் மரியாதை இதுதான். அதைப் பிள்ளையின் காலிற் கட்டும் கயிறாக்காமல், பிள்ளையைக் காக்கும் அறிவாக மாற்ற வேண்டும்.

ஏனெனில், கையெழுத்திடாமல் விட்டால் பிள்ளை தண்ணீரை விட்டு விலகியிருக்கும் என்று நாம் எண்ணுவது வெறும் பிரமை. ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டரை லட்சம் ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. பதினெட்டு வயதாகும்போது சிநேகிதரின் காரில் ஏறி ஏதோ ஓர் ஏரிக்கரைக் குடிலுக்கு எங்கள் பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள். அங்கே உபாத்தியாயர் இருக்கமாட்டார், வழிகாட்டி இருக்கமாட்டார், மிதவை அங்கியின் வாரைப் பூட்டினாயா என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். கோடைதோறும் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளிவரும் மரண அறிவித்தல்களைப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீச்சல் அறியாத இளைஞன் ஒருவன், முழங்கால் ஆழத்தில் நின்றவன், ஓரடி பின்னே வைத்துப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறான். பத்தாம் வகுப்பில் நான்கு நாள் கனூவில் இருந்து, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு எப்படிக் காத்திருப்பது என்று படித்திருந்தானானால் அவன் பிழைத்திருக்கக்கூடும்.

அந்தப் படகைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்திரம் வந்து கிடந்த நாட்களில் நான் தேடித் தேடிப் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது அதன் கதைதான். இந்த நாட்டின் ஆதிக்குடிகள் பூர்ச்ச மரத்தின் பட்டையை உரித்து, தேவதாருச் சட்டங்களின்மேல் போர்த்தி, ஸ்புரூஸ் மரத்தின் வேரைக் கீறி நூலாக்கி, அந்த வேரினாலேயே பட்டைகளைத் தைத்து, தையல்களின்மேல் மரப்பிசினைப் பூசி, ஓர் இரும்பாணியும் இல்லாமல் கனூவைக் கட்டினார்கள். இதைப் படித்தபோது, சோழமண்டலக் கரையின் பேரலைகளுக்கு ஈடுகொடுக்கும்படி தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசுலாப் படகுகள் என் ஞாபகத்துக்கு வந்தன. ஆணியடித்த படகு பாறையில் மோதினால் பிளக்கும்; தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஒருவரை ஒருவர் கண்டும் கேட்டும் அறியாத இரு சனங்கள், உலகத்தின் இரு கோடிகளில் இருந்துகொண்டு, தண்ணீரின் சுபாவத்தை இப்படி ஒரேவிதமாக அறிந்திருந்தார்கள். கட்டுமரம் என்னும் எங்கள் சொல்லையே ஆங்கிலேயர் எடுத்து ஒருவகைப் படகுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சமுத்திரங்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்காருவது எங்கள் சுபாவம் அன்று. அது எங்களுக்கு நேர்ந்த ஒன்று.

பிரெஞ்ச் நதி நிப்பிஸிங் ஏரியிற் பிறந்து, ஏறக்குறைய 110 கிலோமீட்டர் மேற்கே ஓடி, ஜோர்ஜியன் விரிகுடாவிற் கலக்கிறது. அது கரைகளுக்குள் அடங்கி ஓடும் ஒற்றை நதி அன்று. இளஞ்சிவப்புக் கருங்கற்பாறைகளுக்கிடையே பல கால்களாகப் பிரிந்தும், ஏரிபோல அகன்றும், பின்பு ஒரு முடுக்கில் ஒடுங்கி வெள்ளைநுரையாகச் சீறியும் போகிறது. மொன்றியலிலிருந்து கம்பளித்தோல் வியாபாரத்துக்குப் புறப்பட்ட படகோட்டிகள், 36 அடி நீளமான பட்டைக் கனூக்களில் ஒட்டாவா நதியில் ஏறி, நிப்பிஸிங் ஏரியைக் கடந்து, இந்நதி வழியாகவே பெருஏரிகளை அடைந்தார்கள். அவர்களுக்கு முன்னே 1615ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தேசசஞ்சாரியான சாம்ப்ளேன் இவ்வழியே போனார். அவருக்கு வழி காட்டியவர்கள் இந்நாட்டுக் குடிகள். 1986ஆம் ஆண்டில் கனடாவின் முதலாவது மரபுரிமை நதியாக இது அங்கீகரிக்கப்பட்டது. எங்கள் அகதிப் படகுகள் நியூபவுண்ட்லாந்தில் மீட்கப்பட்டதும் அதே ஆண்டில் என்பதை, தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. அந்த நதியின் மேற்பகுதியில் டோக்கிஸ் என்னும் முதற்குடி மக்களின் ஊர் இன்றும் இருக்கிறது. கனூவைக் கண்டுபிடித்தவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிக்கூடங்களில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த கதை, 2015ஆம் ஆண்டில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் அறிக்கையில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் என்பதே அவர்களுடைய பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து பிரித்த ஸ்தாபனமாக இருந்தது. ஆகவே பள்ளிக்கூடமொன்று இன்று பிள்ளைகளை அதே நீருக்கு அழைத்துப் போகும்போது, அது யாருடைய நதி, யாருடைய படகு என்பதைக் கரையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மண்ணை இழந்து வந்த சனங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் விளங்குவதுபோல வேறொருவருக்கும் விளங்காது.

இனி, பயப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆந் தேதி, ஒட்டாவா நதி அகன்று ஏரியாக விரியும் திமிஸ்கமிங் என்னுமிடத்தில், ஒன்ராறியோவிலுள்ள தனியார் பள்ளிக்கூடமொன்றின் மாணாக்கர் 27 பேரும் தலைவர்கள் நால்வரும் நான்கு பெரிய கனூக்களிற் புறப்பட்டார்கள். ஜேம்ஸ் விரிகுடாவரை போவதென்பது அவர்களுடைய திட்டம். முதல் நாளிலேயே காற்றும் அலையும் எழுந்தன. ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்தவர்களை மீட்கப் போன படகுகளும் கவிழ்ந்தன. 12 சிறுவரும் தலைவர் ஒருவரும் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் நீரின் குளிரே. கஷ்டத்தினால் பிள்ளைகள் வைரமாவார்கள் என்ற நம்பிக்கையில் நடத்தப்பட்ட பள்ளிக்கூடம் அது. கஷ்டம் பிள்ளைகளை உரமாக்கும் என்பது அரை உண்மை. அரை உண்மையை வைத்துக்கொண்டு ஒருவர் குளிர்நீரில் பிள்ளைகளை இறக்கலாகாது.

இரண்டாவது சம்பவம் எங்கள் நகரத்துக்கு மிக அண்மையானது. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆந் தேதி, டொரொண்டோ நகரத்து உயர்நிலைப் பள்ளியொன்றிலிருந்து அல்கொன்குயின் பூங்காவுக்குக் கனூப் பயணம் போன 15 வயது மாணவன் ஒருவன் மாலையில் ஏரியிற் குளிக்க இறங்கி மூழ்கிப் போனான். பின்பு நடந்த விசாரணையில், பயணம் போன 32 மாணாக்கருள் 15 பேர் நீச்சற் சோதனையில் தேறாதவர்கள் என்று தெரிய வந்தது. சோதனை இருந்தது, விதி இருந்தது, தாளும் இருந்தது. அந்தத் தாள் பிள்ளைக்கும் ஏரிக்கும் நடுவே சுவராக நிற்கவில்லை. ஆசிரியர்மீது தொடுக்கப்பட்ட குற்ற வழக்கில் 2022ஆம் ஆண்டில் அவர் குற்றவாளி அல்லர் என்று நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பைப்பற்றி நான் அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு பெற்றோராக இருந்து அந்த 15 என்ற எண்ணைப் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வராது. அதன்பின், சோதனையின் முடிவுகளை அதிபர் தாமே பார்க்க வேண்டும் என்றும், பெற்றோருக்கும் அவை தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கல்விச் சபை விதிகளை இறுக்கியது. அந்த விதியை நாம் உபயோகிக்க வேண்டும். உபயோகிக்காத விதி துருப்பிடிக்கும்.

சோதனை கடினமானதா என்றால், இல்லை. உயிர்காப்புச் சங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு இவ்வளவே: ஆழமான நீருக்குள் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிஷம் கால் தரை தொடாமல் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க வேண்டும், பின்பு 50 மீட்டர் நீந்த வேண்டும். படகு கவிழ்ந்தால் நடப்பவை இந்த மூன்றுந்தான் என்பதால் இந்த வரிசை. இதோடு குளிரைப்பற்றிய ஒரு கணக்கையும் ஒவ்வொரு தமிழ்த் தாயும் தந்தையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் தானே பலமுறை இறங்கி ஆராய்ந்தவர், அதை 1-10-1 என்று சுருக்கித் தந்திருக்கிறார். குளிர்நீரில் விழுந்தவுடன் மூச்சு வாங்கித் திணறும். அதை அடக்க 1 நிமிஷம் உண்டு. அதன்பின் கைகால்கள் சொற்கேட்டு இயங்க 10 நிமிஷம் உண்டு. குளிரினால் பிரக்ஞை தவற ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை உயிரோடு காத்திருக்க மிதவை அங்கி இருந்தால்தான் முடியும். ஆகையால் அங்கி படகின் அடியிற் கிடப்பதற்காக அன்று, நெஞ்சிலே பூட்டுவதற்காக.

என் பேத்தி முதற் சோதனையில் தேறவில்லை. 50 மீட்டர் நீந்திவிட்டாள். ஆனால் ஒரே இடத்தில் ஒரு நிமிஷம் மிதந்து நிற்க அவளால் முடியவில்லை. 40 விநாடியில் சுவரைப் பிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தார் அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவித்து, இரண்டாம் சோதனைக்கு ஏழு வாரம் தவணை கொடுத்தார்கள். அழுதுகொண்டு வந்த பிள்ளையைப் பார்த்து அவளுடைய தாய், "நல்லது, அப்ப போகத் தேவையில்லை" என்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று, "நாற்பது விநாடி எண்டால் இன்னும் இருபதுதானே" என்றாள். மறுநாளே நகரசபை நீச்சற் குளத்தில் பெயர் பதிந்து, செவ்வாயும் வியாழனும் தானே காரில் கொண்டு போய் விட்டு, கண்ணாடிச் சுவருக்கு இப்பால் இருந்த வாங்கில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கையெழுத்தும் அந்த ஏழு வாரத்துக்குள்ளேயே விழுந்தது. ஆனால் அதற்கு முன் அவளும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பது மரியாதைக் குறைவென்று எங்களில் பலர் தயங்குகிறார்கள். சோதனையில் தேறாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். இரவில் எவராவது நீரில் இறங்க அனுமதி உண்டா, மாலைக் குளிப்புக்கு யார் காவல் நிற்பார் என்று கேட்டோம். கைத்தொலைபேசி வேலை செய்யாத அந்தப் பிரதேசத்தில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி கையில் இருக்குமா, காற்று மிகுந்தால் அட்டவணையைக் கைவிட்டு ஒரு நாள் முழுதும் கரையிலே தங்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டா என்று கேட்டோம். இக்கேள்விகளுக்கு முகங்கோணாமல் பதில் சொல்கிற உபாத்தியாயரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். முகங்கோணுகிறவரிடம் ஒப்படைக்கக் கூடாது; அங்கே கையெழுத்தை மறுப்பதே பெற்றோரின் கடமை.

எங்கள் வீடுகளில் உரக்கப் பேசப்படாத வேறொரு தயக்கமும் உண்டு. ஆண்பிள்ளைகளும் போகிற இடத்தில் பெண்பிள்ளை மூன்று இரவு வெளியே தங்குவதா என்பது. கூடாரங்கள் வேறு வேறு, பெண் உபாத்தியாயர் ஒருவர் கட்டாயம் உடன் போவார். இதையும் வெட்கப்படாமல் கேட்டுத் தெளியலாம். ஆனால் அண்ணன் போன பயணத்துக்குத் தங்கையை அனுப்ப மறுக்கும் வீடுகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வார்த்தை உண்டு: கிளாலியில் படகேறிய தாய்மாரை யாரும் நீ பெண், நீந்த வேண்டியதில்லை என்று விட்டுவிடவில்லை.

பணத்தைப்பற்றியும் கல்விச் சபையாருக்கு ஒரு வார்த்தை. இப்படியான பயணத்துக்கு ஒரு பிள்ளைக்குச் சில நூறு டொலர் செலவாகிறது. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் குடும்பம், பணமில்லை என்று எழுத வெட்கப்பட்டு, விருப்பமில்லை என்று எழுதி அனுப்பிவிடும். அதைப் படிக்கிறவர்கள் அந்தச் சனங்களுக்கு விருப்பமில்லை என்றே முடிவு கட்டுவார்கள். உதவிப் பணம் இருக்கிறது என்பதைப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒளிக்காமல், முதற் பக்கத்திலே, எங்கள் மொழியிலும் அச்சிட வேண்டும். அதைவிட முக்கியமாக, தேறாத பிள்ளைக்கு அடுத்த சோதனைவரை இலவசமாக நீச்சல் கற்பிக்க வேண்டும். இந்நகரத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் உள்ளேயே குளங்கள் இருக்கின்றன. தேறவில்லை என்று சொல்லிப் பிள்ளையை நூலகத்தில் உட்கார வைப்பது அப்பிள்ளையை அன்றைக்கு மட்டும் காப்பாற்றும்.

இரண்டாம் சோதனையில் தேறி, ஆனி மாதத்தில் அவள் போனாள். நான்கு நாளும் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். நான்காம் நாள் மாலை பேருந்தால் இறங்கியபோது, கொசு கடித்த முகமும், புகை மணக்கும் தலைமயிரும், தோலுரிந்த உள்ளங்கைகளுமாக நின்றாள். வழி முழுதும் பேசினாள். ரெகொலே அருவிக்குப் பக்கத்தில் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிச் சுமந்ததையும், கரடிக்கு எட்டாதபடி ஆகாரப் பையை மரத்தில் உயரக் கட்டியதையும், விடியற்காலத்தில் லூன் பறவை கூவியபோது யாரோ அழுகிறார்கள் என்று பயந்து எழுந்ததையும், மூன்றாம் நாள் எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டும் ஒரே பாறை பக்கத்திலேயே நின்றதையும் சொன்னாள். அவள் படகின் முன்னே இருந்தாளாம். முன்னே இருக்கிறவர்தான் நீருக்குள் மறைந்த கல்லை முதலிற் காண வேண்டும், கண்டவுடன் சொல்ல வேண்டும், பின்னே இருக்கிறவர் அதைக் கேட்டுத் திருப்ப வேண்டும், பேசாவிட்டால் இருவருக்கும் ஆபத்து என்றாள். படகின் அந்த முன்பக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று என்னைக் கேட்டாள். அணியம் என்று சொன்னேன், பின்பக்கம் அமரம்.

இரவு சாப்பிட்டு முடிந்து, பேச்சு ஓய்ந்திருந்த வேளையில், அவள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்கள் கிளாலியாலை வந்த படகிலை அணியத்திலை ஆர் இருந்தது?"

என் மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் வைத்தபடி கதிரையில் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இரவைப்பற்றி ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. படகைப்பற்றி எவர்தான் கேட்பார்.

"ஒரு அண்ணா," என்றாள். "பெயர் தெரியாது. சின்ன வயசுதான், இருவது கூட இராது. நீட்டுத் தடி ஒண்டு வைச்சிருந்தவர், ஆழம் பார்க்கிறதுக்கு. ஒவ்வொரு தரமும் தடியைக் குத்திப்போட்டு, பின்னுக்கு இருந்தவருக்கு மெல்லமாச் சொல்லிக்கொண்டு வந்தவர். நான் அவருக்குக் கிட்டத்தான் இருந்தனான்."

"என்ன சொன்னவர்?"

"இடுப்பளவு, நெஞ்சளவு, இடுப்பளவு எண்டு. கரை வருமட்டும் அதைத்தான் சொன்னவர்."